ஆறு மாப்பிள்ளைகள் வைத்த டிப்ஸ்

உங்கள் உணவகத்தில் முன்பெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் மேசைக்கே வெந்நீர்க் கிண்ணம் வரும். அதில் ஓர் எலுமிச்சைத் துண்டு மிதக்கும். பிறகு அதை நிறுத்திவிட்டீர்கள். எல்லோரும் எழுந்து போய்க் கோடியில் இருக்கும் குழாயில்தான் கை கழுவ வேண்டும் என்று ஆகிவிட்டது. நிறையப் பேர் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

தண்ணீர் வேண்டாம், தம்பி. தம்பி என்று கூப்பிடலாம்தானே? மேனேஜர் என்றாலும் உங்களுக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. இந்த நாற்காலியே போதும். மெத்தை வைத்ததில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம், எனக்கு முழங்கால் வலி. வாசல்வரை போனவளை, 'ஒரு நிமிஷம் என் ரூமுக்கு வந்துட்டுப் போங்கம்மா' என்று நீங்கள் கூப்பிட்டபோது, எதையோ மறந்து வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரரும் பெண்ணும் காரில் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். 'ஏழாம் மேசையில வெச்ச டிப்ஸக் காணோம், மேசை துடைக்கிறவரு மேலதான் சந்தேகம், இன்னிக்கே அனுப்பிடலாம்னு இருக்கேன், நீங்க எதாவது பார்த்தீங்களா' என்றீர்கள். பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. அவரை அனுப்பாதீர்கள். ஒரு பாவமும் அறியாத மனிதர் வேலையை இழப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான்தான் எடுத்தேன். இதோ நோட்டு. நான்காக மடித்திருக்கிறது. வைத்தவர் மடித்த மடிப்பு அது. நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

வைத்தவர் என்றால், இன்றைக்கு எங்களோடு சாப்பிட்டாரே, அந்த பேக்கரிக்காரர். என் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறவர்.

நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. நான் திருடி அல்ல. முப்பத்தொரு வருஷம் ஒரு வங்கியில் லாக்கர் பிரிவில் இருந்தவள். ஊரார் நகையெல்லாம் என் கண்ணெதிரே திறந்து கிடக்கும். ஒருமுறை ஓர் அம்மாள் ஒற்றைத் தோட்டைத் தரையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வீடு தேடிப் போய்க் கொடுத்தேன். அவருடைய மருமகள் வாங்கி உரசிப் பார்த்து, 'இது கவரிங்தானே' என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை. நேர்மையாக இருப்பதிலும் இப்படிச் சில சங்கடங்கள் உண்டு.

நான் ஏன் எடுத்தேன் என்று புரிய வேண்டுமானால், என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்குத் 'தராசு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கிண்டல் என்று நினைக்காமல் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். வீட்டுக்குச் சர்க்கரை வந்தால் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் கொட்டுவார். எங்கள் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரித் தராசு தப்பாகக் காட்டுகிறது என்று நர்ஸோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. அதனால் எங்கள் பெண்ணுக்கு மட்டும் பிறந்த எடை இரண்டு உண்டு.

மனிதர்களை நிறுப்பதற்கும் அவரிடம் ஒரு தராசு இருந்தது. அது டிப்ஸ்.

"சம்பளத்தக் கேட்டா கூட்டிச் சொல்லுவான். குணத்தக் கேட்டா தங்கம்னு சொல்லுவான். இனிமே பார்க்கவே போறதில்லங்கற சர்வருக்கு என்ன வைக்கிறான்னு பாரு. அதுதான் ஒரு ஆளோட எடை" என்பார்.

அதற்கு அவர் ஓர் அளவும் வைத்திருந்தார். பில்லில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு ரொம்பக் கீழே போனால் கஞ்சன். ரொம்ப மேலே போனால் பந்தா பேர்வழி, குடும்பத்தைக் கடனில் தள்ளுவான். பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் நம் வீட்டு மாப்பிள்ளை. ஊர் உலகத்தில் ஜாதகம் பார்ப்பவர்கள் உண்டு, சொத்து பார்ப்பவர்கள் உண்டு. டிப்ஸ் பார்த்துப் பெண் கொடுக்க நினைத்தவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

சோதனை எப்போதும் உங்கள் உணவகத்தில்தான், எப்போதும் ஏழாம் மேசைதான். பில்லுக்கான பணத்தை இவர் சர்வர் கையிலேயே கொடுத்துவிடுவார். பிறகு, ஏதோ அப்போதுதான் தோன்றியது போல், "தம்பி, சர்வருக்கு மட்டும் நீங்க பார்த்து வெச்சிடுங்க" என்பார். வருகிறவர் பில் வந்த தோல் அட்டைக்குள் ஏதாவது வைப்பார். இவர் அந்த நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெருந்தன்மையாம். எல்லோரும் எழுந்து கை கழுவப் போவார்கள். குழாயடியிலிருந்து அப்படியே வாசலுக்கு நடப்பார்கள். வாசலில் கைகுலுக்கி முடித்த பிறகு இவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, "அடடா, கண்ணாடிக் கூட்ட விட்டுட்டேனே" என்று திரும்பி வருவார். கண்ணாடிக் கூட்டை நாற்காலியில் அவரேதான் வைத்திருப்பார். அட்டையைத் திறந்து பார்ப்பார். தீர்ப்பு எழுதிவிடுவார்.

நான் முழங்கால் வலிக்காரி. முதலில் போய்க் கை கழுவிவிட்டு, சால்வையையும் கைப்பையையும் எடுக்க மேசைக்குத் திரும்புவேன். மற்றவர்கள் அப்போது குழாயடியில் வரிசையில் நிற்பார்கள். அந்த ஒரு நிமிஷம் ஏழாம் மேசையில் நான் மட்டும்தான். உங்கள் எலுமிச்சைக் கிண்ணம் இருந்திருந்தால் எனக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைத்திருக்காது.

முதலில் வந்தவர் குழாய்க் கடைக்காரர். குளியலறைச் சாமான் மொத்த வியாபாரம். அப்போது என் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த மனிதர் உங்கள் சர்வரை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டார். சூப் ஆறிப்போய்விட்டது என்று கிண்ணத்தைத் தள்ளிய தள்ளலில் பாதி சூப் சர்வரின் சட்டையில். ஆனால் டிப்ஸ் மட்டும் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நீங்களே சொல்லுங்கள். என் வீட்டுக்காரருடைய தராசு அவருக்கு 'பாஸ்' போட்டிருக்கும். தராசு தப்பாகக் காட்டும்போது திருத்துவது தப்பா? நோட்டை எடுத்துவிட்டேன்.

காரில் பேச்சு எப்படிப் போயிற்று என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"என்னப்பா, எப்படி?"

"ஒத்து வராது."

"எவ்வளவு வெச்சாரு?"

"சைபர்."

"சைபரா? பாவம், மறந்திருப்பாருப்பா."

"பொண்ணு கேட்டு வந்த இடத்துல மறக்கறவன், கல்யாணத்தன்னிக்கு வர்றதுக்கே மறந்துடுவான்."

என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பினோம். அதை நான் மறக்கவில்லை. அதுதான் கொஞ்சம் பிசகாகப் போய்விட்டதோ என்னவோ.

எடுத்த பணத்தை நான் வைத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். அப்போது உங்களிடம் நெட்டையாக ஒரு சர்வர் இருந்தார். விளக்கில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தே நடப்பார். அடுத்த நாளே வந்து, குழாயடியில் அவரைக் கூப்பிட்டு, அந்த நோட்டோடு என் பங்காக இன்னொரு நோட்டும் வைத்துக் கொடுத்தேன். "ஐயாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றேன். ஐயா கஞ்சன், அம்மா ஒளித்துக் கொடுக்கிறார் என்று அவராகவே புரிந்துகொண்டார். நானும் திருத்தவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு சர்வரின் காசு என்னால் குறைந்ததில்லை. இரட்டிப்பாகத்தான் போயிருக்கிறது. சூப் கொட்டிய சட்டைக்கு அவர் புதுச் சட்டையே வாங்கியிருப்பார்.

இரண்டாவது வந்தவர் லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் எஞ்சினியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூட வந்த அவருடைய அம்மாதான், சாப்பாட்டுக்கு நடுவில், "பொண்ணு காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிக்கும்?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். ஆனால் கேட்ட விதம் சாதாரணமாக இல்லை. நோட்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு சில்லறைக் காசை வைத்தேன். ஒன்றும் வைக்காவிட்டால் மறதி என்று சொல்ல இடம் இருக்கிறது. சில்லறைக் காசு அப்படி இல்லை. அது யோசித்து வைத்தது.

அந்தக் காசை என் வீட்டுக்காரர் இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார். விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டுவார். "ஒரு எஞ்சினியரோட எடை" என்பார்.

மூன்றாவது கண் டாக்டர். ரொம்ப நல்ல மாதிரி. சர்வரிடம் "உங்க கண்ணு செவந்திருக்கே, தூக்கம் இல்லையா?" என்று கேட்டு, சொட்டு மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அப்போதே பாதி விழுந்துவிட்டார். ஆனால் அவருடைய ஆஸ்பத்திரி ரயிலில் ஆறு மணி நேரத் தூரம். ஆறு மணி நேரம் என்றால், பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் நான் போய்ச் சேரும்போது அது இறங்கியிருக்கும். அப்புறம் நான் எதற்கு? எடுத்துவிட்டேன்.

நாலாவது கல்லூரி ஆசிரியர், கணக்குப் பாடம். அவர்தான் கொஞ்சம் தொல்லை கொடுத்தார். எல்லோர் எதிரிலும் பில்லைப் பார்த்து, "பத்து பர்சென்ட் சரியா இருக்கும்ல சார்?" என்று என் வீட்டுக்காரரிடமே கேட்டு, சில்லறை வரை எண்ணி வைத்துவிட்டார். இவருக்கு வாயெல்லாம் பல். அந்த இடத்தில் எடுத்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் என் கைப்பையிலிருந்து இரண்டு பெரிய நோட்டுகளை எடுத்து அட்டைக்குள் சேர்த்து வைத்தேன்.

காரில் ஏறியதும் இவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"முன்னாடி ஒண்ணு வெச்சான். நாம எழுந்து போனதும் திரும்பி வந்து பெருசா இன்னொண்ணு வெச்சிருக்கான். ரெட்டைத் தராசு. கடையில இந்த மாதிரி பிடிச்சா சீல் வெச்சிடுவேன்."

"அதிகமாத்தானேப்பா வெச்சிருக்காரு. அதுல என்ன?"

"அதிகமும் தப்புதான் பாப்பா. எடைன்னா எடை."

அந்த ஆசிரியர் என்ன தப்பு செய்தார் என்று கேட்கிறீர்களா? தப்பு என்று இல்லை. தானே நன்றாகச் சமைப்பாராம். சாப்பிடும்போது மீனை எப்படி வறுத்திருக்கிறார்கள் என்று என் பெண்ணுக்கு விளக்கிக்கொண்டே வந்தார். அவளும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷனே எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டால், 'அம்மா, இதுக்கு உப்பு எவ்வளவு?' என்று எனக்கு யார் போன் செய்வார்கள்? அந்த மாதம் எனக்கு இரண்டு பெரிய நோட்டு நஷ்டம். அதுவும் என் வேலைதான் என்று ஊகித்து நெட்டை சர்வர் என்னைப் பார்த்துக் கும்பிட்ட கும்பிடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் ஏன் எழுதிக்கொள்வதை நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள். மேசை துடைப்பவர் பெயரில் கறை இருக்கக் கூடாது.

ஐந்தாவது ஆளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் ஆக மாட்டேன்.

அவர் எக்ஸ்ரே எடுப்பவர். என் பெண்ணின் பரிசோதனைக் கூடத்துக்கு எதிர் அறை. யாரும் பார்த்து வைத்ததல்ல, அவர்களே பேசிப் பழகியது. அவளுக்கு அப்போது முப்பத்தொன்று. "அப்பா, இவருக்கு மட்டும் பரீட்சை வேண்டாம்ப்பா" என்று கெஞ்சினாள். "பரீட்சை வேண்டாம்னு சொல்ற கடையிலதான் நான் மொதல்ல நுழைவேன்" என்றார் இவர். சரி என்று அவரை அழைத்து வந்தாள். பரீட்சை என்று அவரிடம் சொல்லவில்லை. அதில் அவள் அப்பாவைப் போல. தராசை ஏமாற்ற மாட்டாள்.

அவரிடம் நான் குறை தேடினேன். சாப்பிடும்போது சத்தம் வரவில்லை. அம்மா இல்லாதவர். ஊர் இதே ஊர். சமைக்கத் தெரியாது. என் பெண் தண்ணீர்க் குவளையை நீட்டுவதற்கு முன்பே அவர் கை நீண்டிருந்தது. அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் மட்டும்தான் அப்படிப் பேசாமல் பேசுவாள். சின்ன வயதிலிருந்தே.

நோட்டை எடுத்துவிட்டேன்.

இந்த முறை சிரிப்பு இல்லை. அவள் அவருக்குப் போன் செய்து கேட்டாள். அவர், "வெச்சேனே, ஏன்?" என்றார். விஷயம் தெரிந்ததும் அவருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "என்னை நிறுத்துப் பார்த்தீங்க. அது போகட்டும். இப்ப நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறியா?" என்று கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள். ஒரு பக்கம் அவருடைய வார்த்தை. இன்னொரு பக்கம் அப்பாவின் கண். அந்தக் கண் முப்பது வருஷத்தில் ஒரு குண்டுமணி எடைகூடத் தப்பாகப் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். இதற்கு நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கக்கூடும் என்று யாருக்குத் தோன்றும்?

அவர் எட்டு மாதம் காத்திருந்தார். பிறகு வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப்போனார். இப்போது இரண்டு குழந்தைகள். நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. என்னால் யாரும் கெட்டுப்போய்விடவில்லை.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். "நான் அவர நம்பியிருக்கணுமோ அம்மா?" என்று கேட்டாள். "நீ அப்பாவ நம்பின. பெத்தவர நம்பறதுல என்னடா தப்பு?" என்றேன். அவள் என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வயதில் எந்த வீட்டுப் பெண் அம்மா மடியில் தலை வைக்கிறாள்? எனக்கு அன்றைக்கு ஒரு குறையும் இல்லை.

அதன் பிறகு ஏழு வருஷம் ஏழாம் மேசைக்கு வேலை இல்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும் எப்போதாவது வருவோம். வேறு மேசையில் உட்காருவோம். அவளே சுவரோரம் போய்விடுவாள்.

இப்போது இந்த பேக்கரிக்காரர். எங்கள் தெருவேதான், எதிர்ச்சாரியில் நாலாவது வீடு. காலையில் ரொட்டி வாங்கப் போய்ப் போய் ஆரம்பித்த பழக்கம். என் வீட்டுக்காரர் அவர் கடை ரொட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்து நிறுத்துப் பார்த்திருக்கிறார். உறையில் போட்டிருக்கும் எடையைவிட ஒவ்வொரு ரொட்டியும் பத்து கிராம் கூட. "இத்தனை வருஷத்துல கூட வெச்சு விக்கிற ஒருத்தன இப்பத்தான் பார்க்கறேன்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். டிப்ஸ் பரீட்சையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்துவிட்டேன். நல்லவேளை, பழக்கம் விடவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், இந்த முறை என் பெண்ணே, "பரீட்சை வெச்சே ஆகணும்ப்பா, ஏழாம் மேசையிலயே வெச்சிடுங்க" என்றாள்.

மூன்று வாரம் யோசித்தேன். அவரிடம் எனக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. அது உண்மை. ஆனால் நாலாவது வீடு, தம்பி. தினமும் அவள் அறை விளக்கு அணைந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். வெளியூர் போனால் அந்த விளக்கு கண்ணில் படாது, மனசை எப்படியாவது சரிக்கட்டிக்கொள்ளலாம். நாலாவது வீட்டு ஜன்னல் எங்கள் பால்கனியிலிருந்து நன்றாகத் தெரியும். அங்கே விளக்கு அணைவதை நான் நின்று பார்க்க வேண்டும். எந்த அம்மாவால் முடியும்?

கண் டாக்டர் ரொம்ப தூரம். இவர் ரொம்பப் பக்கம். நடுவில் யாராவது ஒருவர் வந்திருந்தால் நான் அந்த அட்டையைத் தொட்டிருக்கவே மாட்டேன். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

இவ்வளவுதான் விஷயம். ஆறு பேரும் டிப்ஸ் வைத்தார்கள். ஒருவர்கூடக் குறைத்து வைக்கவில்லை. ஐந்து பேருடையதை எடுத்தது நான், ஒருவருடையதைக் கூட்டி வைத்ததும் நான். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கண்ணாடிக் கூட்டை எடுக்கத் திரும்பி வந்தார், காலி அட்டையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். வீட்டுக்குப் போனதும் 'ஒத்து வராது' என்பார். இந்த நோட்டை உங்களிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் சர்வர் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். நெட்டையர் ஓய்வு பெற்றுப் போய்விட்டாராமே. கூடவே இதையும் சேர்த்துக் கொடுங்கள், என் பங்கு. எழுதியதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். மேசை துடைப்பவரை வரச் சொல்லுங்கள், அவரிடம் நானே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

என்ன சொன்னீர்கள்?

மேசை துடைப்பவர் இன்றைக்கு லீவா?

அப்படியானால் நீங்கள் யாரை வேலையை விட்டு அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள்?

ஓ.

இல்லை, எனக்குக் கோபம் இல்லை. கெட்டிக்காரத்தனமான யோசனை. நேரடியாகக் கேட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். என்மேல் விழ வேண்டிய பழி இன்னொருவர்மேல் விழுந்தால் மட்டும்தான் எனக்குப் பொறுக்காது. ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்றைக்குத்தானே நாம் முதல்முறையாகப் பேசுகிறோம். இது என்னை நன்றாகத் தெரிந்த யாரோ சொல்லிக் கொடுத்தது.

போனை ஏன் என் பக்கம் தள்ளுகிறீர்கள்?

"அம்மா."

"சொல்லும்மா. எங்க இருக்க?"

"கார்லதான். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அப்பா இருக்காரு. அவரும் இருக்காரு."

"எவ்வளவு நேரமா கேட்டுட்டு இருக்கீங்க?"

"மொத வார்த்தையிலேர்ந்து."

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"அந்த நெட்டை சர்வர் போன மாசம் எங்க லேபுக்கு வந்தாரு, சர்க்கரை பார்க்க. ஊசி குத்தறப்ப வலி தெரியாம இருக்கட்டும்னு பேச்சுக் குடுத்தேன். உங்க அம்மாவுக்கு இருக்கற மனசு யாருக்கும் வராதும்மா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்கன்னா மறுநாளே வந்து குழாயடியில வெச்சு ரெட்டிப்பா குடுத்துட்டுப் போவாங்கன்னு ஒரே புகழ்ச்சி. கண்ணு கலங்கிட்டாரு."

"அஞ்சு தடவையும் சொன்னாரா?"

"அஞ்சு தடவையும். அந்த எக்ஸ்ரே விஷயம் உட்பட. அவரு வெச்சேன்னு சொன்னது பொய் இல்லைன்னு அப்பத்தான் புரிஞ்சுது."

"அப்பா என்ன சொல்றாரு?"

"இழுப்பறையில இருக்கற அந்தக் காச எஞ்சினியர்கிட்ட நேர்ல கொண்டுபோய்க் குடுக்கணும்னாரு. மத்தவங்க நம்பரும் கேட்டாரு."

"சரிம்மா."

"நாங்க கிளம்பறோம். உனக்குத் தனியா வண்டி சொல்லியிருக்கேன், வாசல்ல நிக்குது. முழங்கால் வலியோட நடக்காத. டிரைவருக்கு டிப்ஸும் சேர்த்துக் குடுத்தாச்சு. நீ எதையும் தொட வேண்டாம்."

வைத்துவிட்டாள்.

கேட்டீர்களா தம்பி? ஒரு வார்த்தை குரலை உயர்த்தவில்லை. ஒரு மாதம், முழுசாக ஒரு மாதம், என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், தலை வாரிவிடச் சொல்லியிருக்கிறாள், முகத்தில் எதையும் காட்டவில்லை. யாரிடம் எதைச் சொன்னால் உண்மை வெளியே வரும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். அவ்வளவு கோபத்திலும் என் முழங்காலை மறக்கவில்லை.

இப்படிப்பட்ட பெண்ணை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப உங்களுக்கு மனசு வருமா, நீங்களே சொல்லுங்கள்.